இவர்களிடம் யார் கணக்கு கேட்பது?

1968 நவம்பரில் உலக வங்கியின் புதிய தலைவர் கல்கத்தாவுக்கு வந்தார். டம்டம் விமான நிலையத்திலிருந்து அவரால் சாலை வழியாக நகருக்குள் வர முடியவில்லை. மாணவர்களும் இடதுசாரித் தொண்டர்களும் தெருவில் திரண்டு நின்றார்கள், கலவரம் வெடித்தது. கடைசியில் ஹெலிகாப்டரில் ஏற்றி, கூட்டத்தின் தலைக்கு மேலாக அவரைக் கொண்டுபோனார்கள்.

வந்தவர் ராபர்ட் மெக்நமாரா. அந்த ஆண்டு பிப்ரவரி 29 வரை அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். வியட்நாம் போரை அமெரிக்க அரசியல்வாதிகளே ‘மெக்நமாராவின் போர்’ என்று அழைத்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி, உலகத்து ஏழைகளின் வறுமையைப் போக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. குண்டு போடும் வேலைக்கும் கடன் கொடுக்கும் வேலைக்கும் நடுவே அவருக்குக் கிடைத்த இடைவெளி ஒரு மாதம்.

உலகை நடத்துகிற நிபுணர்கள், வங்கித் தலைவர்கள், தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் மீது இன்று பல நாடுகளில் கோபம் கொதிக்கிறது. இவர்கள் ஆண்டுதோறும் கூடும் டாவோஸ் என்ற ஊரின் பெயரைக் கேட்டாலே பலருக்கு ஆத்திரம் வருகிறது. அந்தக் கோபம் பல நேரம் வதந்தியாகவும் திரிந்துவிடுகிறது: ஒரு ரகசியக் கூட்டம் பூட்டிய அறையில் உட்கார்ந்து நம் தலைவிதியை எழுதுகிறது என்று. இந்தக் கதைகளை நம்பத் தேவையில்லை. நம்பினால் உண்மையான குற்றம் தப்பிவிடும். நடந்தவற்றில் பெரும்பாலானவை பட்டப்பகலில், கையெழுத்தும் தேதியும் போட்ட காகிதங்களில் நடந்தன. மெக்நமாராவின் வாழ்க்கை அப்படிப்பட்ட காகிதங்களால் நிறைந்தது. இந்த வகைத் தலைமையின் அறத்தை எடைபோட அவரைவிடப் பொருத்தமான மனிதர் எனக்குத் தெரியவில்லை.

எண்ணத் தெரிந்தவர்

அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. ஆனால் அது ஒட்டாது. 1956இல், போர்டு கார் நிறுவனத்தின் அதிகாரியாக இருந்தபோது, வாங்குபவர்கள் கேட்காத காலத்திலேயே கார்களில் சீட் பெல்ட் வைக்கப் போராடியவர் அவர். கார் கம்பெனி அதிபர்கள் பணக்காரப் புறநகர்களில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரில் வீடு எடுத்து, புத்தகங்களோடு வாழ்ந்தவர். ஏழை நாடுகளைப் பற்றிப் பேசும்போது மேடையிலேயே கண்கலங்கியவர்.

எண்கள்தான் அவருடைய மொழி. இரண்டாம் உலகப் போரில், ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இளைஞரான அவரை அமெரிக்க விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவு எடுத்துக்கொண்டது. எத்தனை விமானம் போனது, எத்தனை டன் குண்டு விழுந்தது, எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு அழிவு என்று கணக்கிடுவது வேலை. 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு டோக்கியோவின் மீது எரிகுண்டுகள் விழுந்தன. ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஒரே இரவில் செத்தார்கள். தளபதி கர்ட்டிஸ் லெமேயின் கீழ் குண்டுவீச்சின் ‘திறனை’ ஆராய்ந்தவர்களில் மெக்நமாராவும் ஒருவர். போரில் தோற்றிருந்தால் நாங்கள் போர்க் குற்றவாளிகளாக நின்றிருப்போம் என்று லெமே சொன்னதையும், அவர் சொன்னது சரிதான் என்றும் 2003இல் வெளிவந்த எரால் மோரிஸின் ஆவணப்படத்தில் தன் வாயாலேயே சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது.

போர் முடிந்ததும் அந்தப் பிரிவின் 10 பேர் மொத்தமாக போர்டு நிறுவனத்துக்குப் போனார்கள். தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனத்தைக் கணக்கால் நிமிர்த்தினார்கள். 1960 நவம்பரில், போர்டு குடும்பத்தைச் சேராத மெக்நமாரா நிறுவனத்தின் தலைவராகப் பதவியேற்றார். 5 வாரம்தான், ஜான் கென்னடி அவரைப் பாதுகாப்பு அமைச்சகமான பென்டகனுக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கே அதே முறை. தளபதிகள் அனுபவத்தைச் சொன்னால் எண்ணைக் காட்டுங்கள் என்றார். ராண்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்து இளம் பொருளாதார வல்லுநர்களைக் கொண்டுவந்து நிரப்பினார். 1962இல் வியட்நாமுக்கு முதல்முறை போய்வந்தவுடன், தன்னிடமுள்ள ஒவ்வோர் அளவீடும் நாம் வெல்வதாகவே காட்டுகிறது என்று அறிவித்தார்.

அந்த அளவீடுகள் எங்கிருந்து வந்தன? கம்யூனிஸ்டுகளிடமிருந்து விவசாயிகளைப் பிரித்துவைக்க, ஊர்களைப் பெயர்த்து வேலிக்குள் அடைக்கும் ‘மூலோபாயக் கிராமங்கள்’ திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. முன்னோர் புதைந்த நிலத்தை விட்டு மக்களை விரட்டினார்கள். இத்தனை கிராமம் முடிந்தது, இத்தனை லட்சம் பேர் பாதுகாப்பில் என்று சைகோனிலிருந்து பட்டியல் வந்துகொண்டே இருந்தது. அந்தத் திட்டத்தை நடத்திய முக்கிய அதிகாரிகளில் ஒருவர் கர்னல் பாம் நாக் தாவ். அவர் கம்யூனிஸ்டுகளின் உளவாளி. திட்டத்தைத் தலைதெறிக்க ஓட்டி, விவசாயிகளின் வெறுப்பைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. பட்டியலில் அது வேகமான முன்னேற்றமாகப் பதிவானது.

1967இலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் மாதாமாதம் ஏ முதல் இ வரை மதிப்பெண் போட்டு கணினியில் ஏற்றினார்கள். 1968 ஜனவரியில், தென் வியட்நாம் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்றது அந்தக் கணக்கு. அந்த மாத இறுதியில், டெட் புத்தாண்டு நாளில், 100க்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. சைகோனின் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே கெரில்லாக்கள் புகுந்தார்கள்.

எல்லா அளவீடுகளிலும் மோசமானது பிணக் கணக்கு. முன்னேறவோ பின்வாங்கவோ எல்லைக்கோடு இல்லாத போரில், கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் ஆயிற்று. எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்குப் பதவி உயர்வு. வயலில் ஓடிய விவசாயியும் எண்ணிக்கையில் சேர்ந்தார். மெக்நமாரா போன பிறகும் இந்த முறை போகவில்லை. 1968 டிசம்பரிலிருந்து 1969 மே வரை மேகாங் கழிமுகத்தில் நடந்த ஒரு நடவடிக்கையில் 10,889 எதிரிகள் கொல்லப்பட்டதாக 9ஆம் காலாட்படைப் பிரிவு அறிவித்தது. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தாலே செத்தவர்கள் யார் என்று புரியும்.

தெரிந்த பிறகு

எண்கள் தவறாக இருந்தன, அதனால் முடிவும் தவறிற்று என்பது மெக்நமாராவைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அது பாதி உண்மை. அவருக்கு உண்மை தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதே என்னை உறுத்துகிறது.

1965 நவம்பர் 2ஆம் தேதி, குவேக்கர் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நார்மன் மாரிசன், பென்டகனில் மெக்நமாராவின் அறை ஜன்னலுக்குக் கீழே, போரை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி மெக்நமாரா அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். கேட்கிற படைகளை எல்லாம் அனுப்பினாலும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை, மாதம் 1,000 அமெரிக்க வீரர்கள் சாகக்கூடும், 1967 தொடக்கத்திலும் போர் முடிவில்லாமல் நிற்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அதில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, படைகளை அனுப்பவே பரிந்துரைத்தார்.

வெளியே பத்திரிகையாளர்களிடம் நம்பிக்கையோடு பேசினார். உள்ளே சந்தேகம் வளர்ந்தது. 1967 ஜூனில், போர் எப்படித் தொடங்கி வளர்ந்தது என்று ரகசிய ஆய்வு ஒன்றுக்கு உத்தரவிட்டார். பின்னாளில் டேனியல் எல்ஸ்பெர்க் வெளியே கொண்டுவந்த பென்டகன் ஆவணங்கள் அவைதாம். 1967 நவம்பர் 1இல், குண்டுவீச்சை நிறுத்துங்கள், படைகளைக் கூட்டாதீர்கள் என்று அதிபருக்கு எழுதினார். அதே மாதம் அவர் உலக வங்கிக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. போனார். 1995இல் தன் நூலை வெளியிடும்வரை, 27 ஆண்டுகள், இந்தப் போர் தவறு என்று மக்கள் முன் அவர் வாய் திறக்கவில்லை. அமெரிக்கர்களுக்கு அந்தப் போரின் மிகக் கொடிய ஆண்டு 1968. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். மொத்தம் 58,220 பேர். அவருடைய நூல் வந்த அதே 1995இல் வியட்நாம் அரசு தன் பக்க மதிப்பீட்டை வெளியிட்டது: பொதுமக்கள் 20 லட்சம், போராளிகள் 11 லட்சம்.

அதிபருக்கு விசுவாசமாக இருந்தேன், பதவியில் இருந்தவர் வெளியே வந்து பேசுவது முறையல்ல என்பதே அவர் சொன்ன சமாதானம். யாரிடம் விசுவாசம் என்று பாருங்கள். தன்னை நியமித்தவரிடம். தான் கையெழுத்திட்டு அனுப்பிய பையன்களிடம் இல்லை. அவர்கள் போய் விழுந்த ஊர்களின் மக்களிடம் நிச்சயமாக இல்லை. உண்மையை அறிவது தன் தொழில், அறிந்ததை அதிகாரத்தின் காதில் மட்டும் போட்டால் போதும் என்று அவர் உளமார நம்பியிருக்கிறார். அறிவுக்கு இதைவிட இழிவான பயன் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966இல் அவர் ‘புராஜெக்ட் ஒரு லட்சம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வில் தேறாத ஏழை இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, நவீனப் பயிற்சிக் கருவிகளால் அவர்களை உயர்த்தி, திறமையுள்ள குடிமக்களாகத் திருப்பி அனுப்புவது நோக்கம். வறுமை ஒழிப்பு என்றே அறிவித்தார். நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து தப்பிக்கொண்டிருந்த காலம். 1971க்குள் சேர்க்கப்பட்டவர்கள் 3 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் கறுப்பின இளைஞர்கள். வாக்களித்த பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மற்ற வீரர்களைவிட அதிக விகிதத்தில் செத்தார்கள். தப்பியவர்களில் பலர் முன்னிலும் ஏழையாகத் திரும்பினார்கள். இதில் மெக்நமாராவின் இரக்கம் பொய் இல்லை. அந்த இளைஞர்களில் ஒருவருக்காவது ‘எனக்கு இது வேண்டாம்’ என்று அவரிடம் சொல்ல ஒரு வழி இருந்ததா?

ஓட்டுச்சாவடியில் இல்லாத பெயர்

உலக வங்கியில் அவருடைய 13 ஆண்டுகளை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றோரங்களில் கருப்பு ஈக்கள் பரப்பிய நோயால் ஊர் ஊராகப் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள். அதை ஒழிக்க 1974இல் தொடங்கிய பெருமுயற்சிக்கு மெக்நமாரா உந்துசக்தி. மனித குலம் பெருமைப்படத்தக்க வெற்றிகளில் அது ஒன்று. பார்வையிழந்த பெரியவரைச் சிறுவன் கோல் பிடித்து அழைத்துச் செல்லும் சிலை உலக வங்கித் தலைமையகத்தில் இருக்கிறது. 1973இல் நைரோபியில், வளரும் நாடுகளின் மக்களில் 40 சதவீதத்தினர் முழு வறுமையில் கிடக்கிறார்கள் என்று பேசி, அணையும் மின்நிலையமும் கட்டிக்கொண்டிருந்த வங்கியைச் சிறு விவசாயியின் பக்கம் திருப்பினார்.

ஆனால் எண்ணிக்கைப் பசி இங்கேயும் வந்தது. பதவியேற்ற ஆண்டே, 5 ஆண்டுகளில் கடனை இரட்டிப்பாக்குவேன் என்றார். அவர் வந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலராக இருந்த புதிய கடன், 1981இல் அவர் போகும்போது 1,200 கோடியைத் தாண்டியிருந்தது. எவ்வளவு பணத்தை நகர்த்தினாய் என்பது வங்கி ஊழியரின் தகுதியாயிற்று. இந்தோனேசியாவின் சுகார்த்தோவுக்கும் ருமேனியாவின் சௌசெஸ்குவுக்கும் பணம் போனது. சிலியில் மக்கள் தேர்ந்தெடுத்த அயெந்தேவுக்குப் புதிய கடன் இல்லை. அவரைக் கவிழ்த்த பினோசேவுக்கு வந்தது. இந்தப் பழக்கத்தின் விளைவை வங்கியே பின்னர் ஒப்புக்கொண்டது. 1991இல் முடிந்த அதன் திட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருப்தியற்றவை என்று 1992இல் வந்த வங்கியின் சொந்த ஆய்வறிக்கை சொன்னது.

இந்தியாவுக்கு வருவோம். மக்கள்தொகைப் பெருக்கம் அணு ஆயுதப் போருக்கு அடுத்த பேராபத்து என்று நம்பியவர் மெக்நமாரா. 1972இல் இந்தியாவின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. மாநிலத்துக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு, பள்ளி ஆசிரியருக்கு இவ்வளவு என்று அறுவை சிகிச்சைக்கு இலக்கு வைத்தார்கள். 1976 நவம்பர் 6 விடியலுக்கு முன், ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றிவளைத்தது. ஆண்களை வெளியே வரச் சொல்லி, கூட்டிச் சென்று, கருத்தடை செய்து அனுப்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த மெக்நமாரா, இந்தத் துறையில் இந்தியத் தலைமை காட்டும் அரசியல் உறுதியைப் பாராட்டிவிட்டுப் போனார். 1976–77 நிதியாண்டில் மட்டும் நாடெங்கும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள். அவற்றோடு தொடர்புடைய 1,774 மரணங்களை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது.

கட்டாயக் கருத்தடைக்கு உத்தரவிட்டவர் மெக்நமாரா இல்லை. பிரதமர் இந்திரா காந்தியும் அவர் மகன் சஞ்சயும் அவர்களுக்குக் கீழே பயந்து நடுங்கிய அதிகாரிகளும்தான் அதற்குப் பொறுப்பு. அதனால்தான் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. ரே பரேலியில் இந்திரா தோற்றார், அமேதியில் சஞ்சய் தோற்றார். ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஒரு தொகுதிகூட மிஞ்சவில்லை. உத்தாவரின் ஆண்கள் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து, பாராட்டிப் போன மனிதரின் பெயர் எந்த ஓட்டுச்சீட்டிலும் இல்லை. 1978இல் உலக வங்கியில் அவருடைய மூன்றாவது பதவிக்காலம் தொடங்கியது.

நம் மாநிலத்திலும் அவர் காலத்து வங்கியின் கை உண்டு. அது நல்ல கை என்றே சொல்ல வேண்டும். 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை, தேறிவிட்டால் 90 நாளில் நிறுத்தம். ஊர்ப் பெண்களே ஊழியர்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு குறையவும் செய்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1982 ஜூலை 1இல், திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதில் எடைத் தராசு இல்லை. பள்ளிக்கும் மையத்துக்கும் வந்த பிள்ளை எல்லாருக்கும் சோறு. அரசுக் கஜானா தாங்காது, இது ஓட்டுக்காகப் போடும் சோறு என்று பொருளாதாரம் படித்தவர்கள் எதிர்த்தார்கள். ஓட்டுக்காகத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சோறு நின்றால் தாய்மார்கள் கேட்பார்கள் என்ற பயம் அதற்குள் இருந்தது. வங்கித் திட்டம் 1997இல் முடிந்து வேறொன்றில் கரைந்தது. சத்துணவை நிறுத்த இன்றுவரை எந்த முதலமைச்சருக்கும் துணிவு வரவில்லை.

ஏதென்சின் சிவப்புக் கையுறைகள்

மெக்நமாரா 2009இல் இறந்தார். அவர் வகையறா பெருகியே இருக்கிறது, இப்போது ஐரோப்பாவின் நடுவிலும்.

2010இல் கடனில் மூழ்கிய கிரேக்கத்துக்கு ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் மூன்றும் சேர்ந்து மீட்புக் கடனுக்கு நிபந்தனை வகுத்தன. கிரேக்கர்கள் இந்த மூவரணியை ‘ட்ரோய்கா’ என்றார்கள். சம்பளம், ஓய்வூதியம், மருத்துவம் எல்லாவற்றிலும் வெட்டு. 2011 அக்டோபர் இறுதியில் பிரதமர் பாப்பாண்ட்ரு, இதை மக்களிடமே கேட்டுவிடுகிறேன் என்று பொது வாக்கெடுப்பு அறிவித்தார். ஜெர்மனியும் பிரான்சும் கொதித்தன. சில நாட்களில் வாக்கெடுப்பும் போனது, அவர் பதவியும் போனது. நவம்பர் 11இல் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர் லூக்காஸ் பாப்பாடெமோஸ், ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர். எந்தத் தேர்தலிலும் நிற்காதவர். அடுத்த வாரமே இத்தாலியில் பொருளாதாரப் பேராசிரியர் மரியோ மோன்ட்டி பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல்வாதி ஒருவர்கூட இல்லை.

கடன் வாங்கிக் குவித்த கிரேக்க அரசியல்வாதிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பொய்க் கணக்கு காட்டியே யூரோவில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆனால் வைத்தியம் பார்க்க வந்தவர்களின் கணக்கைப் பாருங்கள். அரசு 1 யூரோ வெட்டினால் பொருளாதாரம் அரை யூரோ சுருங்கும் என்ற அளவில் அனுமானித்திருந்தார்கள். உண்மையில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வரை சுருங்கியது என்று நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார் ஆய்ந்து வெளியிட்டார். நேர்மையான செயல், பாராட்ட வேண்டும். 2013 ஜூனில் நிதியமும் கிரேக்கத்தில் தன் பெரிய தவறுகளை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு கிரேக்கத்தில் வேலையின்மை 27 சதவீதம். இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையற்றிருந்தார்கள். நாட்டின் பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு கரைந்திருந்தது.

தவறு என்று எழுதியாகிவிட்டது. வெட்டு நின்றதா? 2013 செப்டம்பரில், ஆட்குறைப்பு இலக்கை எட்ட, நிதியமைச்சகக் கட்டடங்களைக் கூட்டித் துடைத்த 595 பெண்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். மாதம் சில நூறு யூரோ சம்பளக்காரர்கள், பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். அவர்கள் சிவப்பு ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு அமைச்சக வாசலில் மாதக்கணக்கில் கிடந்தார்கள், அடிபட்டார்கள், 2015இல் ஆட்சி மாறியதும் வேலையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு ஜூலை 5இல் 61 சதவீத கிரேக்கர்கள் ட்ரோய்காவின் நிபந்தனைகளுக்கு ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். 8 நாளில், அதைவிடக் கடுமையான ஒப்பந்தத்தில் அவர்களுடைய பிரதமர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. நாணய நிதியத்தை அப்போது நடத்திய கிறிஸ்டின் லகார்ட் 2019இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவரானார். அந்த வங்கியை அப்போது நடத்திய மரியோ டிராகி 2021இல் இத்தாலியின் பிரதமரானார்.

இவர்களுக்கு எதிராக மக்கள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பது இன்னும் பெரிய கவலை. நிபுணர்களைத் திட்டியே பதவிக்கு வந்த டொனால்டு டிரம்ப், 2025இல் அரசைச் சுருக்கும் பொறுப்பை உலகின் முதல் பணக்காரரான எலான் மஸ்க்கிடம் கொடுத்தார். தேர்தல் இல்லை, செனட் ஒப்புதல் இல்லை. ‘டோஜ்’ என்ற பெயரில் இளம் கணினிப் பொறியாளர்கள் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். சேமித்த தொகை என்று அவர்கள் இணையத்தில் போட்ட பட்டியலில், 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடி டாலர் என்று இருந்தது. அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் வெட்டப்பட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்ச் மாதம் அறிவித்தார். ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் மருத்துவ மையங்களில் பல பூட்டப்பட்டன. மே இறுதியில் மஸ்க் விடைபெற்று, தன் ராக்கெட்டுகளுக்கும் கார்களுக்கும் திரும்பிவிட்டார். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் அவரை எங்கே போய்ப் பிடிப்பது?

முந்த்ராவின் வழக்கு

நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரியம்மையை ஒழித்தது அவர்கள்தான். நான் கேட்பது, யார்மீது முடிவு விழுகிறதோ அவர்கள் முடிவெடுத்தவரை நிறுத்திக் கேட்க ஒரு இடம் வேண்டும் என்பது. அப்படி ஓர் இடத்தை வென்றெடுத்தவர்கள் நம் நாட்டு ஆதிவாசிகள். சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் 45 கோடி டாலர் கடன் கொடுத்த உலக வங்கி, நர்மதைப் பள்ளத்தாக்கின் போராட்டத்தால் தனிக் குழு வைத்து விசாரிக்க நேர்ந்தது. 1992இல் வந்த மோர்ஸ் குழு அறிக்கை வங்கியைக் கடுமையாகக் கண்டித்தது, 1993இல் வங்கி விலகியது. அந்த ஆண்டே ஆய்வுக் குழு என்ற அமைப்பை வங்கி ஏற்படுத்தியது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் புகார் கொடுக்கலாம். விசாரித்து அறிக்கை தரலாம், நஷ்டஈடு வாங்கித்தரும் அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது.

வங்கியின் தலைவரை இன்றும் அமெரிக்காவே தீர்மானிக்கிறது. 2023இல் அஜய் பங்கா வந்தபோது எதிர்த்துப் போட்டியிட ஒருவரும் இல்லை. இந்தியாவில் பிறந்தவர் என்று நாம் மகிழ்ந்தோம். அவர் எங்கே பிறந்தார் என்பதால் கட்ச் கடற்கரையில் எதுவும் மாறிவிடவில்லை.

அங்கே முந்த்ராவில், 4,000 மெகாவாட் டாடா அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் கிளையான ஐஎஃப்சி 2008இல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. வெந்நீர் கலந்து மீன்வளம் போனது, கருகருவென்று சாம்பல் படிகிறது, நிலத்தடி நீர் உப்பானது என்று மீனவர்களும் விவசாயிகளும் முறையிட்டார்கள். சுற்றுச்சூழல், சமூக விதிகளில் ஐஎஃப்சி தவறியிருக்கிறது என்று அதன் சொந்தக் குறைதீர் அமைப்பே 2013இல் கண்டது. நிவாரணம் வரவில்லை. 2015இல் அவர்கள் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். எங்கள்மீது யாரும் வழக்குப் போட முடியாது, 1945ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கு விலக்கு தந்திருக்கிறது என்றது ஐஎஃப்சி. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்ற கணக்கில் மீனவர்கள் பக்கம் நின்றது: அந்த விலக்குக்கு எல்லை உண்டு. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. பாதிப்பு நடந்தது இந்தியாவில், எனவே இங்கே விலக்கு பொருந்தும் என்று அது மறுபடி தள்ளுபடி செய்தது. 2022இல் மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

உலக வங்கியின் இயக்குநர் குழுவில் இந்தியாவுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருபவரை அனுப்புவது நம் அரசு. முந்த்ரா மீனவர்களுக்காக அந்த நாற்காலியிலிருந்து என்ன பேசப்பட்டது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும். அவர்களை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.